லீவுச் சட்டை

உப்புவெளியில் இராணுவ முகாம் வாசலுக்கு எதிர்ப்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே என் தையல் மெஷின் இருக்கிறது. சீருடைக் காற்சட்டையை இடுப்பில் பிடித்துத் தைப்பேன், அறுந்த பொத்தான் தைப்பேன். லீவுச் சட்டை என்று ஒன்று எல்லாச் சிப்பாயிடமும் இருக்கும். அதை மாதக்கணக்காகப் பெட்டிக்குள் வைத்திருந்து, ஊருக்குப் போக முதல்நாள் கொண்டுவந்து உடம்போடு ஒட்டத் தைக்கச் சொல்லுவான்.

"இன்னும் இறுக்குங்கோ அம்மே."

"இதுக்கு மேல இறுக்கினா மூச்சு விடேலாது மகன். பொம்பிளை பாக்கப் போன இடத்தில மயங்கி விழுவாய்."

சண்டைக் காலத்தில் இதே சீருடைக்காரர்கள் என்னைச் சோதனைச் சாவடியில் வெயிலில் நிறுத்தி, கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டியவர்கள். அவர்களுக்காக இரங்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இப்போது வருகிறவர்கள் அந்த நாளில் பால்குடியாக இருந்த பிள்ளைகள். இவர்கள் யாரையும் சுடுவதில்லை, இவர்களையும் யாரும் சுடுவதில்லை. கல்லுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். தென்னை மரத்துக்கும் வெள்ளை அடிக்கிறார்கள். பெரிய அதிகாரியின் நாயைக் கடலில் குளிப்பாட்டுகிறார்கள். நாய்க்கு ஒருவன், நாயின் துவாய்க்கு ஒருவன்.

இந்த வேலைகளுக்கு நடுவில் ஒரு வருடத்துக்குள் இரண்டு பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். இரண்டு தரமும் உள்ளேயிருந்து வந்த கதை ஒன்றுதான்: காதல் பிரச்சினை. இரண்டாமவன் ஒரு குழந்தைக்குத் தகப்பன். காதல் அப்படி ஆளைக் கொல்லும் என்றால் திருகோணமலை பஸ்ஸில் எல்லாருக்கும் இருக்க இடம் கிடைத்திருக்கும். கல்லைப் போலவே அந்தச் சாவுகளுக்கும் வெள்ளை அடித்து விட்டார்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாயின் துவாய் பிடிக்கிறவன் தன்னிடம் இருந்த மூன்று லீவுச் சட்டைகளோடும் வந்தான். கடலுக்கு எட்டாத எங்கோ ஓர் ஊரில் வயல் செய்கிற சிங்களக் குடும்பத்துப் பிள்ளை. அவன் பேசுகிற தமிழ், என்னுடைய நக்கலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ்.

"இது சின்னது ஆக்க ஏலுமா அம்மே?"

"எவ்வளவு சின்னது? நீயே கருவாடு மாதிரிக் காஞ்சு போய் நிக்கிறாய்."

"எனக்கு இல்ல. தம்பிக்கு. வயசு பதிமூண்டு."

"மூண்டையுமோ? பிறகு ஊருக்கு என்னத்தைப் போட்டுக்கொண்டு போவாய், என்ர பாவாடையையோ?"

வழக்கமாக இந்த இடத்தில் சிரித்துவிடுவான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"எனக்குத் தேவை இல்ல அம்மே."

கையில் எடுத்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். சோற்றை விட்டாலும் லீவுச் சட்டையை விடாத கூட்டம் இது. மூன்றையும் வெட்டச் சொல்லுகிறவன் ஊருக்குத் திரும்ப நினைக்காதவன்.

"மகன், என்ர முகத்தைப் பார். சாகப் போறியோ?"

சுற்றாமல் நின்ற மெஷின் சில்லையே பார்த்தபடி சொன்னான்.

"நித்திரை இல்ல. மூண்டு தரம் லீவு கேட்டன், இல்ல எண்டு சொன்னது. அழுதன். எல்லாரும் பாத்து சிரிச்சது. சரியான களைப்பு அம்மே."

அவனைக் கதிரையில் இருத்தி, பொத்தான் பெட்டியைக் கவிழ்த்து, நிறம் நிறமாகப் பிரிக்கச் சொன்னேன். பக்கத்தில் வடை சுடுகிறவளைக் கூப்பிட்டேன்.

"நான் வருமட்டும் இவனைத் தனிய விடாதை. ஒண்டுக்குப் போனாலும் பின்னால போ."

முகாமில் ஒரு அதிகாரிக்கு நல்ல தமிழ் தெரியும். லீவுத் துண்டில் கையெழுத்து வைக்கிறவனும் அவன்தான்; நேரே அவனிடம் போனேன். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பெரிய ஆள் ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கான பதினான்கு அணிவகுப்புச் சீருடைகள் என்னிடம்தான் கிடந்தன.

"வாங்கோ அம்மா, யூனிபோம் முடிஞ்சுதா?"

பிள்ளையின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஆ, அவனா? ஊரில ஏதாவது பெட்டை இருக்கும். காதல் பிரச்சினை. விசிட் முடியட்டும், பாப்பம். அழுகிற எல்லாருக்கும் லீவு குடுத்தா கல்லுக்கு ஆர் பெயின்ட் அடிக்கிறது?"

புளித்த கஞ்சி வாய்க்குள் வந்ததுபோல இருந்தது. காறித் துப்ப நினைத்தேன். அந்தச் சீமெந்து நிலத்தையும் ஒரு பெடியன்தான் கழுவ வேண்டும் என்று விழுங்கிக்கொண்டேன்.

"ஓம் சேர், நீங்கள் சொல்லுறது சரி. பாருங்கோ, எனக்கும் ஒரு காதல் பிரச்சினை."

"உங்களுக்கோ?"

"எனக்கும் என்ர மெஷினுக்கும். இண்டையில இருந்து ஓடமாட்டனெண்டு கோவிச்சுக்கொண்டு நிக்குது. பதினாலு காற்சட்டையும் தையல் பிரிச்சபடி கிடக்கு. வெள்ளிக்கிழமை எல்லாரும் வீட்டில கட்டுற சாரத்தோட நிண்டு சல்யூட் அடியுங்கோ."

சிரிப்பு நின்றது. கடையைத் தூக்குவேன் என்றான். "தூக்குங்கோ சேர், காற்சட்டையளையும் சேத்துத் தூக்குங்கோ" என்றேன். பேனையை மூடித் திறந்தபடி கேட்டான்.

"அவன் பஸ் ஏறினா மெஷின் ஓடுமா?"

"தனிய ஏறப்படாது. கூட்டாளி ஒருத்தன் வீடு வரைக்கும் போகவேணும்."

ஒரு மணித்தியாலத்தில் பத்து நாள் லீவுத் துண்டு வந்தது. பிள்ளையின் உயிர் என்றபோது அசையாத பேனை, காற்சட்டை என்றதும் ஓடியது. வென்ற சந்தோசம் ஒரு துளியும் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினால் தேவலை போல இருந்தது. சட்டைகளை வெட்டாமல் மடித்து அவன் பைக்குள் வைத்தேன். என் போன் நம்பரைத் தாய்க்குக் கொடுக்கச் சொல்லி, கூட்டாளியோடு பஸ் ஏற்றினேன்.

அடுத்தநாள் பின்னேரம் அதிகாரி வந்து தன் சீருடையைப் போட்டு, என் கண்ணாடிக்கு முன்னால் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தான். பெடியன் போய்ச் சேர்ந்தானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எப்பிடி அம்மா, நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு சேர். உள்ளுக்கு ஒரு மனுசன் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

அதிகாரி போய்க் கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் தாய் எனக்குப் போன் எடுத்தாள். என்னிடம் இருப்பது சந்தைச் சிங்களம். ஆனாலும் விளங்கியது. பிள்ளை வந்துவிட்டான், சாப்பிட்டான், படுத்தவன் இன்னும் எழும்பவில்லை. முன்பு கேட்டபோது, பிழை செய்தபடியால்தான் லீவு இல்லை என்று முகாமில் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன பிழை செய்தவன் எண்டு நீங்களாவது சொல்லுங்கோ" என்றாள்.

"ஒரு பிழையும் இல்லை. அவனுக்குக் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம். மனசுக்குப் பாக்கிற டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போங்கோ. அவர் சரியெண்டு எழுதித் தராமல் திருப்பி அனுப்பாதேங்கோ. தனியவும் விடாதேங்கோ."

"அப்ப அவன் பிழை ஒண்டும் செய்யேல்லையா?"

"இல்லை" என்றேன்.

திரும்பவும் அதையே கேட்டாள். நானும் திரும்பவும் சொன்னேன். பிறகு அவள் போனை நிறுத்தாமல் கீழே வைத்துவிட்டு, அவன் பிழை ஒன்றும் செய்யவில்லை என்று அடுத்த அறையில் யாருக்கோ சத்தமாகச் சொல்லுவது கேட்டது.