திரை செத்த லேப்டாப்பும் ஹலோவும்

என் மச்சினனுடைய சகலையின் மூத்த மகளை எங்கள் குடும்பத்தில் ஹலோ என்றுதான் கூப்பிடுவோம். உறவைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனாலும் சொந்தம் சொந்தம்தான். பார்சல் கம்பெனி ஒன்றில் டெலிபோன் எடுக்கிற வேலை அவளுக்கு. வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து “ஹலோ” என்றுதான் குரல் வரும். பிறவியிலேயே பார்வை கிடையாது. அடுத்த அறையில் யாராவது அவளைப் பற்றிக் குசுகுசுத்தால், “சத்தமாவே பேசுங்க, எப்படியும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்பாள்.

என் பார்சல் எங்கே என்று யாராவது போனில் கேட்டால், இவள் நம்பரைச் சத்தமாகச் சொல்வாள். எதிர் மேஜை கிளார்க் பதிவேட்டைப் புரட்டிப் பதில் கத்துவார். திடீரென்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கிளார்க்கை வேறு கிளைக்கு மாற்றினார்கள். போன் எடுப்பவரே பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

“உனக்கு என்ன செய்யலாம்னு பார்க்கலாம்மா” என்றார் மேனேஜர். அவர் வாயால் அப்படிக் கேட்ட யாரும் அதற்குப் பிறகு அங்கே வேலை பார்த்ததில்லை.

“திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற ப்ரோகிராம் இருக்காமே சார்?”

“விலை விசாரிச்சேன். அதுக்கு ஒரு லாரியே வாங்கிடலாம்.”

அவள் சம்பளத்தில்தான் அவளும் அம்மாவும் சாப்பிட்டார்கள். ஸ்க்ரூ என்று நாங்கள் கூப்பிடும் அவள் தம்பி பழைய கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். அவன் கடையில் முழுசாக இருந்த ஒரே பொருள் அவன் உட்காரும் ஸ்டூல். அவனிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

“அட, அது சும்மாவே கிடைக்குதேக்கா! எங்கெங்கேயோ இருக்கிறவங்க சேர்ந்து எழுதி வெச்சது. யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா திருத்தலாம்.”

“அவங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையாடா?” என்று கேட்டாள் கூடவே வந்திருந்த அம்மா.

“இருக்கும்மா. வேலை முடிஞ்சு வந்து எழுதுவாங்க.”

“வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

ஸ்க்ரூ பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு லேப்டாப்பை இழுத்தான். “இது திரை செத்துப்போனது. மூடியும் சரியா மூடாது. சும்மா குடுத்தாலும் எவனும் தொடமாட்டேங்கிறான்.”

“எனக்கு எதுக்குடா திரை? கரண்டுக்குத் தண்டம்.”

ஸ்க்ரூ ப்ரோகிராமை அதில் ஏற்றிக் கொடுத்தான். படிக்கிற குரல் முதலில் நிதானமாகத்தான் பேசியது. ஹலோவுக்குப் பொறுமை போதவில்லை. வேகத்தைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் வேறு யாருக்கும் ஒரு வார்த்தை பிடிபடாதபடி ஆக்கிவிட்டாள்.

“என்னடி இது, மூச்சு விடாம பேசுது, உன் அத்தை மாதிரி?”

“அத்தை மாதிரிதாம்மா. ஆனா இது நிறுத்துன்னா நிறுத்தும்.”

அதை ஆபீசுக்கு எடுத்துப்போய், கம்பெனிக் கணக்கில் நுழைந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். அவ்வழியே போன மேனேஜர் கண்ணில் பட்டதெல்லாம் இருண்டு கிடந்த ஒரு திரையும் காதில் ஒரு ஹெட்போனும்தான். கெட்டுப்போன மெஷின் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறாள் என்று முடிவுகட்டினார். அன்றைக்கென்று முதலாளி வருகிற நாள். ஹலோ சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு லேப்டாப்பை ஸ்டோர் ரூமில் கிழிந்த பெட்டிகளோடு வைத்தார்.

முதலாளி வந்தபோது ஹலோ மேஜையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“சார், என் லேப்டாப்?”

“அது கெட்டுப்போனதும்மா. ஒதுக்கிட்டேன்.” பிறகு முதலாளியிடம், “நான் சொன்னேனே, இந்தப் பொண்ணுதான். இந்த வேலைக்கு இனிமே தோதுப்படாது” என்றார்.

முதலாளி தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே, மூட்டை தூக்குகிறவர் ஒருவர் ஸ்டோர் ரூமிலிருந்து வேகமாக வந்தார்.

“சார், உள்ள ஒரு பொம்பளை பேசுது.”

“யாரு?”

“ஆளைக் காணோம். ரொம்ப அவசரமா பேசுது. பேட்டரின்னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு.”

“சார்ஜ் இறங்குதுன்னு சொல்லுது” என்றாள் ஹலோ. சத்தம் வந்த திசையிலேயே நடந்து போய், பெட்டிகளை நகர்த்தி லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

முதலாளி தன் வீட்டுக்கு வரவேண்டிய பார்சல் நம்பரைச் சொன்னார். ஹலோ தட்டினாள். குரல் சடசடவென்று எதையோ கொட்டித் தீர்த்தது.

“உங்க பார்சல் இங்கதான் இருக்கு சார். வந்து ஒரு வாரமாச்சு. மேனேஜர் கையெழுத்துக்கு நிக்குது.”

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் இருண்ட திரையைப் பார்த்தார்.

“சரி, நீ இங்கேயே இரும்மா. உனக்கு இதுல திரை மாத்தித் தரச் சொல்லட்டுமா?”

“திரை வேண்டாம் சார். பேட்டரி மாத்திக் குடுங்க.”

பேட்டரி வந்தது. வேலை போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து மேனேஜர் அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மாமியாருக்குக் கண் மங்கிவிட்டதாம். அந்தப் ப்ரோகிராம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். ஹலோ பிரதியெடுத்துக் கொடுத்தாள். இப்போது அந்த அம்மாள் கம்ப்யூட்டரில் வருகிற பேப்பரை ஒரு வரி விடாமல் கேட்கிறாள், வீடே கேட்கும்படியாக. மேனேஜர் மறுபடி வந்தார்.

“அதுல சத்தத்தைக் குறைக்க ஏதாவது வழி இருக்காம்மா?”

“இருக்கு சார். ஹெட்போன். யாரும் பிடுங்காம இருந்தா போதும்.”