வேற ஆள் ஏரியா

என் புருஷனுக்குக் கரண்ட் ஆபீஸ்ல மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. பதினெட்டு வருஷமா அடுத்தவங்க வீட்டுச் சுவரைப் பார்த்தே காலத்தை ஓட்டின மனுஷன். தோள்ல ஒரு பை, கையில ஒரு டார்ச், நாய்க்கு ஒரு குச்சி. ரெண்டு தடவை நாய் கடிச்சிருக்கு, ரெண்டும் வலது கால்லதான். எந்த வீட்லயும் டீ வாங்கிக் குடிக்க மாட்டார். தண்ணி மட்டும்தான். "ஒரு வாய் டீ குடிச்சா மீட்டர் கோவிச்சுக்குமா?"ன்னு கேட்டேன் ஒரு நாள். "இன்னைக்கு டீ கொடுக்கிறவன் நாளைக்கு நூறு யூனிட் குறைச்சுப் போடும்பான்டி"ன்னார். ஆபீஸ்ல அவருக்குத் 'தராசு'ன்னு பேர். கேலிக்கு வச்சதுதான். இவர் என்னமோ மெடல் குத்தின மாதிரி அதையும் சந்தோஷமாச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சார்.

போன வருஷம் இந்தச் சின்ன ஊருக்கு மாத்தல் வந்துச்சு. எங்களுக்கு இங்க யாரையும் தெரியாது, ஒருத்தரைத் தவிர. வேலைக்குச் சேர்ந்த புதுசுல என் புருஷனோட ஒரே ரூம்ல தங்கி, ஒரே சட்டையை மாத்தி மாத்திப் போட்டவர். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மச்சான்னுதான் கூப்பிட்டுக்குவாங்க. கல்யாணமான புதுசுல பாதி நாள் ராத்திரிச் சாப்பாடு அவருக்கு எங்க வீட்லதான். நான் அவரை அண்ணான்னு கூப்பிடுவேன். அப்புறம் இந்த ஊருக்கு மாத்தல் வாங்கிட்டு வந்தவர், இங்கேயே பொண்ணு பார்த்துக் கட்டிக்கிட்டார். இப்போ எட்டாம் வகுப்பு படிக்கிற எங்க மகளுக்குப் பரீட்சை நேரம், அதான் அவர் கல்யாணத்துக்கு எங்களால வர முடியலைன்னு சொல்லத்தான் ஆசை. அப்போ அவ பிறக்கவே இல்லை. கைக்காசு இல்லாமதான் வரலை. அதை அவர் ஒரு நாளும் குத்திக்காட்டினதில்லை. அதனாலயே அவர் மேல எனக்கு ரெண்டு மடங்கு பாசம்.

வீடு பார்க்க ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் கிடைச்சுது. மச்சான் பைக்ல முன்னாடி போக, நாங்க ஆட்டோவுல பின்னாடி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீடு. ஜன்னலைத் திறந்தா கண்டக்டர் விசில் காதுக்குள்ள ஊதுது, வேண்டாம்னுட்டேன். அடுத்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு தெரு. ரெண்டாவது மாடி, சமையல்கட்டுல கிழக்குப் பார்த்த ஜன்னல், மக நடந்தே பள்ளிக்கூடம் போயிடலாம். பால்கனியில நின்னப்பவே துணிக்கொடி எங்க கட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கு வாழ்க்கையில ஒரு வீடு அப்படிப் பிடிச்சதில்லை.

மச்சான் என்னைத் தனியாக் கூப்பிட்டார். "தங்கச்சி, பார்க்க நல்லாத்தான் இருக்கும். மழை பெய்ஞ்சா சாக்கடை பொங்கிப் படிக்கட்டு வரைக்கும் வந்துடும். வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு இந்த நாத்தத்துல எப்படிம்மா?"

கூடப் பிறந்தவன் மாதிரி பேசினார். நான் உருகிட்டேன்.

மூணாவதா அவர் காட்டினது மேட்டுப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷன். கீழே ஓனர், பின்னாடி அவரோட ஐஸ்கட்டி போடுற கொட்டகை. மெஷின் சத்தம் மட்டும் உர்ருன்னு எந்நேரமும். "பழகிடும்"ன்னார் மச்சான். ஓனர் தனக்குத் தெரிஞ்சவர், தங்கமான மனுஷன்னார். படிக்கட்டுக்குக் கீழே மீட்டர் பெட்டி இருந்துச்சு. "ஊர் மீட்டரை எல்லாம் பார்க்கிறீங்க, நமக்கு வரப்போறதையும் ஒரு தடவை திறந்து பாருங்களேன்"னேன். என் புருஷன் பதறிட்டார்.

"சும்மா இரு. இது மச்சான் ஏரியா. வேற ஆள் ஏரியாவுல பெட்டியைத் தொட்டா, நீ ஒழுங்கா வேலை பார்க்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. எங்கள்ல எவனும் அதைச் செய்ய மாட்டான்."

மச்சான் சிரிச்சுக்கிட்டே அவர் தோள்ல தட்டினார். அன்னைக்கே பேசி முடிச்சுட்டோம்.

நாலு மாசம் அந்த உர்ருக்குள்ள குடித்தனம் பண்ணினேன். சுவர்ல மாட்டின காலண்டர் கூட ஆடும். ஒரு நாள் மதியம் எங்க போர்ஷனுக்கு மட்டும் கரண்ட் போயிடுச்சு. இவர் வேலையில இருந்தார், போன் எடுக்கலை. பியூஸ் போடத் தெரியாதா எனக்கு? மீட்டர் ரீடர் பொண்டாட்டி நான். இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். ரெண்டு மீட்டர். மீட்டர்ல ஒரு சிவப்பு விளக்கு இருக்கும், கரண்ட் எவ்வளவு இழுக்குதோ அவ்வளவு வேகமாக் கண்ணைச் சிமிட்டும். பியூஸைப் போட்டதும் என்னுது சிமிட்ட ஆரம்பிச்சுது. மேலே ஓடுறது ஒரு பிரிட்ஜ், ஒரு மின்விசிறி. பக்கத்துல ஓனர் மீட்டர். வீட்டுக்கும் கொட்டகைக்கும் சேர்த்து அது ஒண்ணுதான். முதுகுக்குப் பின்னாடி மெஷின் உறுமுது, அந்த விளக்கோ ஒரு தடவை சிமிட்டிட்டு, தூங்கி எழுந்து, இன்னொரு தடவை சிமிட்டுது.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழட்டறதுக்குள்ள சொன்னேன். "கீழ ஓனர் மீட்டர் தூங்குதுங்க."

"உன்னை யாரு பெட்டியைத் திறக்கச் சொன்னது?"ன்னு முதல்ல என் மேலதான் பாய்ஞ்சார். அப்புறம் டார்ச்சை எடுத்துக்கிட்டு இறங்கினார். பெட்டிக்கு மேலேயே, மீட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடியே, ஒரு ஒயர் பிரிஞ்சு சுவருக்குள்ள புகுந்து கொட்டகைக்குப் போகுது. மேல சுண்ணாம்பு பூசி மறைச்சிருக்கு. பெட்டிக்குள்ள ரீடிங் அட்டை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மச்சானோட கையெழுத்து, அழகா, ஒண்ணு விடாம. என் புருஷன் அந்த அட்டையைக் கையில வச்சுக்கிட்டுப் படிக்கட்டுல உட்கார்ந்துட்டார். கூப்பிட்டேன், எழுந்திருக்கலை.

மறுநாள் காலையில மச்சானை வரச் சொன்னார். அவர் தன் சின்னப் பொண்ணையும் பைக்ல வச்சுக் கூட்டிட்டு வந்தார். அந்தக் குழந்தை இறங்கினதும் நேரா ஓனர் மடியில போய் ஏறி, "தாத்தா, எனக்கு ஐஸ்"னுச்சு. தெரிஞ்சவராம்! மாமனார்! நாலு மாசமா பொண்டாட்டி பிள்ளையை இந்தப் பக்கமே காட்டாம மறைச்சிருக்கார்.

"கோவப்படாதே மச்சான்"னு ஆரம்பிச்சார். "உனக்கு என்ன குறைச்சல் இங்க? செக்கிங் ஸ்குவாடு ரெண்டு தடவை இந்தத் தெருவுக்கு வந்தாங்க, தெரியுமா? தராசு குடியிருக்கிற வீடான்னு கேட்டுட்டு வாசலோட திரும்பிட்டாங்க. உன் பேருக்கு அவ்வளவு மரியாதைடா."

பாராட்டுற மாதிரியே சொன்னார். என் புருஷன் அவரையே பார்த்துச் சொன்னார். "அப்போ என்னை நீ குடி வைக்கலை. காவலுக்கு வச்சிருக்கே."

"அண்ணா, பள்ளிக்கூடத்துப் பின்னாடி சாக்கடை பொங்குமே, அது?"ன்னு கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கலை. பைக் சாவியைச் சுத்திக்கிட்டே நின்னார். அவருக்கு எத்தனை தட்டுச் சோறு போட்டிருப்பேன் இந்தக் கையால!

அன்னைக்கு மத்தியானமே என் புருஷன் புகார் எழுதினார். முதல் வரியில எங்க விலாசம். மச்சான் பேர் வர்ற இடத்துல பேனா நின்னுடுச்சு. "எழுதுங்க"ன்னேன். எழுதினார்.

விசாரணையில மச்சான் அசரவே இல்லை. "சார், அவருக்கு முதல்ல இருந்தே தெரியும். பங்கு பத்தலை, அதான் புகார். மீட்டர் ரீடர் நாலு மாசம் குடியிருந்துட்டு, மீட்டர் பெட்டியைத் திறந்தே பார்க்கலைங்கிறார். எந்தப் பைத்தியக்காரனாவது நம்புவானா?"

என் புருஷன் அந்த வழக்கத்தைச் சொல்லியிருக்கார். அடுத்தவன் ஏரியாப் பெட்டியைத் தொடக்கூடாது, எல்லாருக்கும் தெரியும் சார்னு. அந்த ரூம்ல இருந்த அஞ்சு பேரும் ரீடரா இருந்து மேல வந்தவங்கதான். ஒருத்தர் கூட ஆமான்னு தலையாட்டலை. அதிகாரி பேப்பரையே பார்த்துக்கிட்டிருந்தாராம்.

மச்சானுக்கு மூணு மாசம் சஸ்பெண்டு. இவரைத் தெருவுக்கு அனுப்பக்கூடாதுன்னு ரெக்கார்டு ரூம்ல போட்டுட்டாங்க. டார்ச்சையும் பையையும் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. ஆபீஸ்ல இப்போ யாரும் தராசுன்னு கூப்பிடறதில்லையாம். அவரா சொல்லலை, நான் தோண்டித் தோண்டிக் கேட்டதுல வந்துச்சு.

மறுபடியும் வீடு தேடினோம். பள்ளிக்கூடத்துப் பின்னாடி அந்த வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. அந்தத் தெருவுல ஒரு அம்மா சொன்னாங்க, ஒன்பது வருஷமா இருக்காங்களாம், சாக்கடை ஒரு நாளும் பொங்கினதில்லையாம். கேட்டுக்கிட்டேன், வேற என்ன செய்ய? அதே தெருவுல கடைசியில ஒரு கீழ்ப் போர்ஷன் காலி. ஓனரம்மா வீட்டைத் திறந்து காட்டிட்டு, "சார் என்ன வேலை?"ன்னு கேட்டாங்க.

பதினெட்டு வருஷமா அந்தக் கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னவர். "ஆபீஸ்லதாங்க. பைல் அடுக்குற வேலை"ன்னார். எந்த ஆபீஸ்னு கூடச் சொல்லலை. திருடினவன் இப்படிக் கூசினதில்லையே.

வெளியே வந்தோம். வாசல் பக்கத்துல மீட்டர் பெட்டி. நான் நின்னேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார்.

"இப்பக் கூடவா? பாருங்களேன்."

"வேண்டாம்டி. வேற ஆள் ஏரியா."

இவரை என்ன செய்யறதுன்னு தெரியலை. கன்னத்துல ஒண்ணு விடலாமான்னு இருந்துச்சு, கட்டிப்பிடிச்சு அழலாமான்னும் இருந்துச்சு. ஓனரம்மாவை உள்ளே ஒரு லைட்டைப் போடச் சொல்லிட்டு, நானே பெட்டியைத் திறந்தேன். விளக்கு சிமிட்டுச்சு. இன்னொரு லைட் போடச் சொன்னேன், வேகமாச் சிமிட்டுச்சு. மேலே ஒயரைக் கையால தடவிப் பார்த்தேன், எங்கேயும் பிரியலை.

சுவரைப் பார்த்து நின்னபடியே கேட்டார், மெதுவா. "சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க"ன்னேன்.