இடி இடித்தால் மெயினை அடை

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் மின்சாரம் என்றால் நான்தான். தேயிலைத் தொழிற்சாலையில் வயர்மேன் வேலை, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. துரை பங்களாவில் பல்பு எரியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கோயில் திருவிழாவுக்கு விளக்குச் சரம் மாட்டவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

இந்த மலையில் மத்தியானம் ஆனால் மழை, மழை வந்தால் கூடவே இடி. ஒருமுறை ஒரே இடியில் லயத்தில் மூன்று வீட்டு டிவி கருகிப்போனது. அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். முதல் இடிச் சத்தம் கேட்டதும் யார் வீடாக இருந்தாலும் மெயின் சுவிட்சை அடைத்துவிட வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், கேட்காதவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். யார் வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாலும், இடித்ததும் எழுந்து அந்த வீட்டு மெயினை நானே அடைப்பேன். கொஞ்ச நாளில் லயமே பழகிவிட்டது. பழகாத ஆள் ஒருவர்தான். என் தங்கை வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த, தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர். ரிட்டயர் ஆன பணத்தில் ஒரு கராவோக்கே செட் வாங்கி வைத்துக்கொண்டு தினமும் மத்தியானம் பாடுவார். வானமே பிளந்தாலும் மைக்கைக் கீழே வைக்கமாட்டார். ஒருநாள் மைக்கோடு சேர்ந்து கருகப்போகிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

தங்கை தொழிற்சாலையில் தூள் கட்டும் அறையில் வேலை பார்க்கிறாள். அந்தத் தூசி அவள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமல் வந்தால் நிற்காது, மூச்சு விசிலடிக்கும். அந்த அறையை விட்டு வெளியே வந்தால்தான் நெஞ்சு தேறும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவளுக்கு வேறொரு கைவேலை உண்டு. சனி ஞாயிறுகளில் கல்யாணம், சடங்கு வீடுகளுக்குப் போய் வீடியோ எடுப்பாள். எடுத்ததை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பாள். ஈப்போவில் ஒரு ஸ்டூடியோ அதைப் பார்த்துவிட்டு, ஒரு கல்யாண வீடியோவை முழுதாக வெட்டி அடுத்த புதன்கிழமைக்குள் அனுப்பச் சொன்னது. பிடித்திருந்தால் வீட்டிலிருந்தபடியே மாதம் முழுக்க வேலை. தூள் அறைக்குக் கும்பிடு போட்டுவிடலாம். ஆனால் அவளிடம் இருந்த கம்ப்யூட்டர் கிழட்டு எருமை. ஒரு பாட்டை வெட்டி முடிப்பதற்குள் மூன்று முறை படுத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை வருகிறார். தங்கை புருஷன். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு லோரி ஓட்டுபவர். லோரி ஓட்டாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்ப்பார், பார்த்ததையெல்லாம் செய்வார். இப்படித்தான் ஒருதடவை கேஸ் அடுப்பைப் பழுது பார்த்து, புருவம் இல்லாமல் ஒரு மாதம் திரிந்தார். அந்த மாதம் எனக்கு ரொம்ப சந்தோஷமான மாதம்.

அவர் ஈப்போவுக்குப் போய் ஒரு புது பிராசஸர் வாங்கி வந்தார். கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாமாம், மூளையை மட்டும் மாற்றினால் போதுமாம். பழையதைக் கழற்றிப் பால்மாவு டின்னில் போட்டுவிட்டு, புதியதைப் பொருத்தி சுவிட்சைப் போட்டார். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரன் உங்கள் தலையில் நல்லா மிளகாய் அரைத்துவிட்டான் மாப்பிள்ளை என்றேன். மூளை மாற்ற வேண்டியது கம்ப்யூட்டருக்கு இல்லை என்றும் சொன்னேன். தங்கை முறைத்தாள். அவர் கோபப்படவில்லை. அந்த மனுஷனுக்குக் கோபம் வராது, அதுதான் எனக்கு எப்போதும் எரிச்சல்.

இரண்டு நாள் போனில் மூழ்கிக் கிடந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மச்சான், இது நம்ம பெரட்டு மாதிரிதான். காலையில பேர் கூப்பிடுறப்ப புது ஆளு ஒருத்தன் வந்து நிக்கிறான். செக்ரோல் புத்தகத்துல அவன் பேரு இல்ல. கணக்கெழுதுற கிராணி கூப்பிடுவாரா? கண்ணு முன்னாடி நின்னாலும் கூப்பிட மாட்டாரு. இந்த மதர்போர்டு பழசு, அதோட செக்ரோல்ல புது பிராசஸர் பேரு இல்ல. பேர எழுதிட்டா எடுத்துக்கும்லா."

அதாவது, மதர்போர்டில் ஒரு சின்ன சில்லு இருக்கிறது. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் படிப்பது அதில் எழுதியிருப்பதைத்தான். அதற்கு பயோஸ் என்று பேர். பழைய பிராசஸரையே திரும்பப் போட்டு, அதன் தயவில் புது பயோஸை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு புதியதை மாட்ட வேண்டுமாம். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக எனக்கே விளக்கத் தெரியாது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் நான் நானா? முட்டைக்கோஸ் லோரிக்கு எந்த செக்ரோல் என்று கேட்டேன்.

தோட்டத்தில் இணையம் ஆமை வேகம். கம்போங் ராஜாவில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து, ஒரு தே தாரே டீயை இரண்டு மணிநேரம் குடித்து, அந்த ஃபைலை இறக்கி பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்தார். போர்டில் அச்சடித்திருந்த எண்ணை டார்ச் அடித்து மூன்று தடவை வாசித்தார். வேறு போர்டின் ஃபைலை ஏற்றினால் கெட்டுவிடும் என்றார். அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்வதுபோல ஏன் இத்தனை தடவை என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை ஆரம்பித்தது. தங்கை மெமரி கார்டு வாங்க பிரிஞ்சாங் போயிருந்தாள். நான் வாசல் ஓரமாக நாற்காலி போட்டு, தேத்தண்ணியும் பிஸ்கட்டுமாக, வேடிக்கை பார்க்க உட்கார்ந்தேன். தலைக்கு மேலே மெயின் சுவிட்ச். பக்கத்து வீட்டில் மண்டோர் ஒரு காதல் பாட்டைக் கொலை செய்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை பழைய பிராசஸரை மாட்டி, பென்டிரைவைச் செருகி, திரையில் எதையோ தட்டினார். ஒரு நீலக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மச்சான், இது முடியிற வரைக்கும் கரண்டு போகக் கூடாது. பாதியில போச்சுன்னா போர்டு செத்துரும்."

கரண்டைப் பற்றி எனக்கே பாடமா என்று எகிறினேன். உங்கள் தாத்தா வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்திலேயே எங்கள் அப்பா ஃபியூஸ் போட்டவர் என்று ஆரம்பித்து, அவர் புருவம் வரைக்கும் போனேன். அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு பாதிக்கு வந்திருந்தது. தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது.

இடி இடித்தது. அவ்வளவு பெரிய இடிகூட இல்லை, தேயிலைக் காட்டுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ. பேச்சை நிறுத்தவில்லை, எழுந்தேன், கையை உயர்த்தினேன், டப்பென்று மெயினை அடைத்தேன். அடைத்துவிட்டு, "இதுக்குத்தான் பெரியவங்க பக்கத்துல இருக்கணும்" என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.

மாப்பிள்ளை கத்தவில்லை. இருண்ட திரையைப் பார்த்தார். பிறகு சுவிட்சைப் பார்த்தார், அதன்மேல் இருந்த என் கையைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் பாட்டு நிற்கவில்லை.

மெயினைத் திறந்தோம். காற்றாடி சுற்றியது, திரை வரவில்லை. போர்டிலிருந்த வட்டப் பேட்டரியைக் கழற்றி மாட்டினார், பழைய பிராசஸரைத் துடைத்து மாட்டினார், பிறகு புதியதை மாட்டினார். எதற்கும் அசையவில்லை. என் வாழ்நாளில் அதிகநேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

தங்கை முழுக்க நனைந்து வந்தாள். கதவருகில் நின்று, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"கரண்டு போயிருச்சும்மா. மழைக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும், என் தப்புதான்" என்றார் மாப்பிள்ளை.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் மீதி இருந்த பிஸ்கட்டைப் போட்டுக்கொண்டேன். அவள் உள்ளே போய்த் தலையைத் துவட்டினாள். இருமல் கேட்டது. நான் மழை விடும்வரைகூட உட்காரவில்லை, வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவர் போர்டைத் துணியில் சுற்றி ஈப்போவுக்குக் கொண்டுபோனார். சில்லைக் கழற்றி வேறு மிஷினில் எழுத வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார்களாம். இங்கே யாரிடமும் இரவல் வாங்க வேறு கம்ப்யூட்டர் இல்லை. புதன்கிழமை போனது. ஸ்டூடியோ வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் போர்டு வந்தது. புது பிராசஸரை மாட்டியதும் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. செக்ரோலில் பேர் ஏறிவிட்டது என்று மாப்பிள்ளை சிரித்தார். இப்போது அது பறக்கிறது. தங்கை அதில் கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்கிறாள், காலையில் தூள் அறைக்குப் போகிறாள்.

நான் இதோடு அடங்கியிருந்தால் மனுஷன். அடங்கவில்லை. எங்கே நாலு பேர் கூடினாலும் மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்கு மூளை ஆபரேஷன் செய்து ஆளையே கொன்ற கதையைச் சொல்வேன். நடித்துக் காட்டுவேன். தடவைக்குத் தடவை இடி பெரிதானது. லயம் முழுக்கக் கரண்டு போனதாகக்கூட ஒரு தடவை சொன்னேன். மாப்பிள்ளையும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்குத் தைரியம் கூடியது.

போன தீபாவளிக்குத் தங்கை வீட்டில் சாப்பாடு. கம்போங் ராஜாவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் கதையை ஆரம்பித்து, இடி இடித்து, லயத்தையே இருட்டாக்கிவிட்டு, மாப்பிள்ளை முழித்த முழியை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். தங்கை ரசம் ஊற்றிக்கொண்டே வந்து என் இலைக்கு முன்னால் நின்றாள்.

"அன்னைக்கு நான் மழையில ஓடி வரேன். பக்கத்து வீட்டு மண்டோரு மைக்குல பாடிக்கிட்டுதான் இருந்தாரு. அவரு வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரே கம்பியிலதான் கரண்டு வருது. நீ வயர்மேன்தானே, சொல்லுண்ணே, எங்க வீட்டுல மட்டும் போனது எந்தக் கரண்டு?"

குரல் உயரவில்லை. ஆனால் வரிசை முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கேட்டு முடித்ததும் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் இருமினாள். நாங்கள் எல்லாரும் அது அடங்கட்டும் என்று கையை இலையில் வைத்தபடி காத்திருந்தோம்.

ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.