இடுப்பைப் பற்றிக் கேட்ட கண் டாக்டர்

ஓசூரில் எங்கள் வெல்டிங் பிரிவில், கண்ணைச் சுடும் வெல்டிங் வெளிச்சமான ஆர்க் அடிக்கும் முன், பக்கத்தில் நிற்பவருக்கு "கண்ணு!" என்று குரல் கொடுக்க வேண்டும். என் வலது கண் மூன்றாவது முறையாகச் சிவந்தபோது, பக்கத்தில் வெல்டிங் அடிக்கும் மஞ்சுநாத் குரல் கொடுக்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லி அவனை வேறு ஷிப்டுக்கு மாற்ற வைத்தேன். "சத்தியமா சொன்னேண்ணா," என்றான். நான் காதில் வாங்கவில்லை.

ஆர்க் பட்டால் வெல்டர்கள் செய்யும் வழக்கம்போல உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்தேன். இரண்டு நாளாகியும் வலி விடவில்லை, பார்வையும் மங்கியது.

கண் டாக்டர் சோதித்துவிட்டு, "காலையில எழுந்ததும் இடுப்பு பிடிச்சுக்குதா?" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண்ணைக் காட்ட வந்தவனிடம் இடுப்பைக் கேட்கிறாரே! பிடிக்கும்தான், வருஷக்கணக்காக. வேலை அலுப்பு என்றே நினைத்திருந்தேன்.

"ஆர்க் பட்டா பெரும்பாலும் ரெண்டு கண்ணும் சிவக்கும், ஓரிரு நாள்ல ஆறிடும். இது யூவைடிஸ், உடம்போட எதிர்ப்புச் சக்தியே கண்ணைத் தாக்குறதால உள்ள வர்ற அழற்சி. சிலருக்கு இடுப்பு வாதத்தோட சேர்ந்து வரும். நான் சொல்லாம சொட்டு மருந்தை நிறுத்தாதீங்க, பார்வைக்கே ஆபத்து."

மருந்தில் கண் தெளிந்தது. என் உடம்பே என் கண்ணை ஏன் தாக்குகிறது என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

மன்னிப்புக் கேட்க மஞ்சுநாத்தின் ஷிப்டுக்குப் போனேன். வெல்டிங் ஹோல்டரைப் பிடித்து நின்றவன் என்னைப் பார்த்ததும், "கண்ணுண்ணா!" என்று கத்திவிட்டு, நான் முகத்தைத் திருப்பும்வரை காத்திருந்தான்.

திருப்பிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்கவும் அப்போது எனக்குத் தைரியமில்லை.