தேவகியின் முகத்துக்கு யார் முதலாளி?

ஒரு டயர் கடை விளம்பரத்தால் என் வேலை ஆட்டம் கண்டது.

அப்போது நான் மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் தடகளப் பயிற்சியாளர். தேவகி என்னிடம் குண்டு எறியப் பழகியவள். கல்லூரி கொடுத்த உபகாரச் சம்பளத்தில் படித்தாள். ஊர் சாஆ என்ற சின்னப் பட்டணம். அப்பா பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவர். மாநிலப் போட்டியில் அவள் தங்கம் வாங்கியதும் கல்லூரி பஸ்ஸின் இரண்டு பக்கமும் அவள் படத்தை ஒட்டினார்கள். மாணவர் சேர்க்கை விளம்பரங்களிலும் அவள்தான். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த விடுமுறையில் சாஆ டயர் கடைக்காரர் தன் கடை விளம்பரத்துக்கு அவளை அழைத்தார். சாதாரண டி-ஷர்ட்டோடு ஒரு லாரி டயரைத் தோளில் தூக்கி நின்றாள். அந்தப் படம் முகநூலில் வந்தது. அவர் கொடுத்த காசில் எறிவதற்கான ஷூ வாங்கிக்கொண்டாள்.

கல்லூரி திறந்த அன்றே மார்க்கெட்டிங் மேனேஜர் ராஜன் என்னைக் கூப்பிட்டார்.

"என்னா மிஸ் இது? ஸ்காலர்ஷிப் பொண்ணு டயர் கடைக்கு போஸ் குடுக்குறா. நம்ம இமேஜ் என்னா ஆவுறது? படத்தை எடுக்கச் சொல்லுங்க. பிரின்சிபால்கிட்ட சாரி கேக்கணும். இல்லன்னா டீம்ல இல்ல, ஸ்காலர்ஷிப்பும் இல்ல."

திடலுக்குப் போய் அவளிடம் அப்படியே சொன்னேன். குண்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நான் என்னா திருடிட்டேனா கோச்?"

"இல்ல."

"பஸ்ல என் மூஞ்சியப் போட்டாங்களே, கேட்டாங்களா? எங்கப்பா அந்த பஸ்ஸைப் பாத்துட்டு சந்தோசத்துல ஹார்ன் அடிச்சாராம். அவருக்காகத்தான் சும்மா இருந்தேன். டயர் கடை அங்கிள் கேட்டாரு, நான் சரின்னேன். சாரி கேக்க மாட்டேன்."

அவள் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் இருவரும் பிரின்சிபால் அறைக்குப் போனோம். ராஜனும் இருந்தார்.

"ஒன்னைப் படிக்க வைக்கிறது நாங்கம்மா," என்றார் பிரின்சிபால்.

"ஆமா சார். அதுக்குத்தான் படிக்கிறேன், எறியிறேன். மூஞ்சிய யாருக்கும் எழுதிக் குடுக்கல."

ராஜன் என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்களாச்சும் சொல்லுங்க லா."

"சொல்றேன். இவ விளம்பரத்துல நின்னா அசிங்கம்னா, நம்ம பஸ்ல நிக்கிறதும் அசிங்கம்தான். மொதல்ல அதைக் கிழிங்க."

"ஒங்க கன்ட்ராக்ட் இந்த வருசத்தோட முடியுது, தெரியும்ல?" பிரின்சிபால் குரலை உயர்த்தவே இல்லை.

"தெரியும் சார். அதுவரைக்கும் டீம் போடுறது நான்தான். இவ பேரு இருக்கும். எடுக்கணும்னா நீங்களே திடலுக்கு வந்து, எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும் எடுங்க."

செய்தி எப்படியோ பரவிவிட்டது. அடுத்த நாள் ஹாக்கிப் பையன்களும் பூப்பந்து விளையாடும் பிள்ளைகளும் ஒன்றாக அலுவலகத்துக்குப் போனார்கள். விளம்பரங்களில் உள்ள தங்கள் படங்களையும் எடுத்துவிடச் சொன்னார்கள். சேர்க்கை நேரம் அது. ராஜனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அந்த வாரமே புது விதி வந்தது. கல்லூரியின் பெயரும் ஜெர்சியும் இல்லாமல் மாணவர்கள் விளம்பரத்தில் நடிக்கலாம். சிகரெட், மது, சூதாட்டம் மட்டும் கூடாது. கல்லூரியும் ஒருவர் படத்தைப் போடுமுன் அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். தேவகி டீமில் இருந்தாள். உபகாரச் சம்பளமும் நிற்கவில்லை. என் கன்ட்ராக்டை மட்டும் புதுப்பிக்கவில்லை. எனக்கு வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் பேசுவேன்.

பயிற்சியாளர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். விளையாடும் பிள்ளைகள் கைக்குக் காசு வந்தால் விளையாட்டு கெட்டுவிடும் என்று உங்களிடம் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வராதீர்கள். இத்தனை நாளும் அவர்கள் முகத்தைக் காட்டிச் சேர்த்த காசு யார் பைக்குப் போனது என்று, நின்று கேளுங்கள்.