அண்ணன் எழுதிய புரோகிராம்

அண்மையில் ஒரு கண்காட்சியில் அந்தக் கம்ப்யூட்டரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். புத்தக அளவுதான் இருக்கும், ரப்பர் பொத்தான்கள். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். "அந்தக் காலம் மாதிரி வராதுலா" என்று ஒருவர் உருகினார். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அது எங்கள் ஆங் மோ கியோ வீட்டுக்கு வந்தது. தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, அண்ணன் முன்னுக்கு வரட்டும் என்று வாங்கினார். அதற்குத் தனித் திரை கிடையாது, டிவியில் மாட்ட வேண்டும். அணைத்தால் எழுதியதெல்லாம் போய்விடும். பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டரில் சாதாரண கேசட்டைப் போட்டு, கீச்சென்ற இரைச்சலாகப் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதன் மின்சாரப் பெட்டியின் சூட்டுக்குக் கரப்பான்பூச்சிகள் வந்து குடியேறின. செத்ததைப் பொறுக்கி, எச்சத்தைத் துடைத்தது நான். அண்ணனுக்கு அது சீக்கிரமே சலித்துவிட்டது. விருந்தாளி வந்தால் மட்டும் பெரிய துரை மாதிரி அதன் முன்னால் உட்காருவான், அப்பா பீற்றிக்கொள்வார்.

கூட வந்த புத்தகத்தை வைத்து நானாகவே கற்றுக்கொண்டேன். அந்த வருடம் பள்ளியில் கம்ப்யூட்டர் கிளப் தொடங்கினார்கள். சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி வருகிறவர்களுக்கு மட்டும்தான் இடம், திங்கட்கிழமை கடைசி நாள். அந்த இடத்துக்காக உயிரைக்கூடக் கொடுத்திருப்பேன். பல்லாங்குழி எழுதினேன். குழிகளில் காய் குறைவதும் கூடுவதும் டிவியில் தெரியும். விருந்தாளிகள் முன்னால் அண்ணன் அதைத்தான் ஆடிக் காட்டினான். யாரும் மேலே எதையும் பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் விளிம்பிலிருந்த சின்னப் பிளாஸ்டிக் தடுப்பை உடைத்து வைத்தேன். அது இல்லாத கேசட்டில் பதிகிற பொத்தான் அமுங்காது.

ஞாயிறு மாலை தேக்கா சந்தைக்குப் போய்த் திரும்பினேன். அப்பா டேப் ரெக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் செலோடேப். தஞ்சாவூரில் இருந்த பெரியப்பாவுக்கு அவர் கடிதம் எழுத மாட்டார். பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கேசட்டைக் கொடுத்துவிடுவார். உடைந்த இடத்தில் செலோடேப்பை ஒட்டினால் எந்தக் கேசட்டிலும் பதியலாம் என்பது எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எல்லா வீட்டிலும் தெரிந்த வித்தை.

பதிந்ததைப் போட்டுக் காட்டினார். "அண்ணே, சௌக்கியமா? நம்ம பையன் கம்ப்யூட்டர்ல புலியாயிட்டான். டிவியிலயே பல்லாங்குழி ஆடுற மாதிரி எழுதியிருக்கான். தங்கச்சிக்கும் பக்கத்துல உட்கார வச்சு சொல்லிக் குடுக்குறான்."

இன்னும் ஏதேதோ பெருமை. அது முடிந்ததும் காதைக் கிழிக்கிற ஒரு கீச்சொலி வந்தது. என் புரோகிராமின் வால். தலை போன பிறகு வாலை வைத்துக்கொண்டு எந்தக் கம்ப்யூட்டரிலும் எதையும் ஏற்ற முடியாது.

"இந்த கேசட் முன்னாடியே கெட்டுப்போனதும்மா. கேட்டுப் பார்த்தேன், வெறும் இரைச்சல். அதான் எடுத்துக்கிட்டேன்" என்றார் அப்பா.

"அது நான் எழுதுன பல்லாங்குழிப்பா. நாளைக்கு ஸ்கூல்ல குடுக்கணும்."

அப்பா சிரித்தார். அதில் கோபமோ கேலியோ இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அத்தனை செல்லமாகச் சிரித்தார். அருவருப்பில் எனக்கு உடம்பு கூசியது.

"இதுக்குப் போய் ஏம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிற? அண்ணன்கிட்ட சொல்லு, திருப்பி எழுதித் தருவான்."

நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'அது அவ எழுதுனது' என்று சொன்னால் போதும். சோபாவில் சாய்ந்திருந்தவன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"இன்னைக்கு டைம் இல்லப்பா," என்றான். "அடுத்த வாரம் எழுதித் தரேன்லா."