செர்ஜி வந்திட்டுது

போன வெள்ளிக்கிழமை பாரிஸ் லா சப்பலில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற பெடியனிடமிருந்து, நோவுக்குப் பூசுகிற நோ எண்ணெய் மணம் வந்தது. கடையில் கருவாடு, கறிவேப்பிலை, சாம்பிராணி என்று எத்தனையோ மணங்கள். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அதுதான் மூக்கில் ஏறியது. "தோள்மூட்டோ தம்பி?" என்று கேட்டுவிட்டேன். "ஓம் அங்கிள், ஹான்ட்பால்" என்றான். மிச்சத்தைப் பிரெஞ்சில் சொன்னான். ஸ்தேன் என்ற புறநகரில் ஒரு கிளப்புக்கு விளையாடுகிறானாம். எண்ணெய் அம்மாவின் வேலையாம், அவனுக்கு மணமே பிடிக்காதாம். எனக்கோ அவன் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும் போலிருந்தது. நின்றால் ஒரு மாதிரி நினைப்பான் என்று முருங்கைக்காய் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அந்த மணம் எனக்கு ஞாயிறு காலையின் மணம். அப்போது நான் பாரிஸுக்கு வெளியே செர்ஜி பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது மாணவர் கார்ட் சொன்ன கதை. உண்மையில் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினேன், கை காய்ந்த நேரத்தில் கணிதமும் பார்த்தேன். வேலை முடிந்து அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கிழவர் இருமினால், ஒரு ஆள் இருக்கிறார் என்று ஆறுதலாக இருக்கும்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை இங்கே வியாழன் பின்னேரங்களில் வைப்பார்கள். வியாழன் பின்னேரம் எங்களில் பாதிப்பேர் ஏதாவது ரெஸ்ரோறன்ர் குசினியில் வேலைக்கு நிற்போம். அதோடு அவர்களுடைய கரப்பந்தாட்டத்தில் ஆட்கள் சுற்றிச் சுற்றி இடம் மாறவேண்டும். நாங்கள் ஊரில் ஓவர் கேம் என்ற கரப்பந்தாட்டம் ஆடியவர்கள். அதில் அவரவர் இடம் அவரவருக்கு, ஆட்டம் முடியும்வரை அசையத் தேவையில்லை. வீடு, வேலை, விசா என்று எல்லாவற்றிலும் இடம் மாறிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது நிலையாக நிற்க ஓரிடம் தேவைப்பட்டிருக்கலாம். இது இப்போது இருந்து யோசித்துச் சொல்வது. அன்று நாங்கள் சொன்ன காரணம், "உந்தச் சுத்துற விளையாட்டு எங்களுக்குச் சரிவராது" என்பதுதான்.

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் ஒன்றியம். பாரிஸ் சுற்றுவட்டாரப் பல்கலைக்கழகங்களின் தமிழ் மாணவர் கரப்பந்தாட்ட ஒன்றியம் என்று முழுப்பெயர். அதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் ஜெயந்தி அக்கா ஒருவர்தான். சென்-தெனியில் இரசாயனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், பந்து விளையாடமாட்டார், ஆனால் விசில் அவர் கழுத்தில்தான் தொங்கும். முதலில் சேர்ந்தவை சென்-தெனியும் நாந்தேரும். பிறகு கிரெத்தை வந்தது. கடைசியாக நாங்கள், செர்ஜி. எங்களிடம் உண்மையான மாணவர் நாலு பேர்தான். மற்ற இருவரும் பிரெஞ்சு மொழி வகுப்பில் பதிந்து கார்ட் எடுத்த மாமன் மச்சான்மார். கிரெத்தை இதை எதிர்த்தது. அவர்களுடைய அணியில் ஒருவர் கார்ட் காலாவதியாகி ஒரு பேக்கரியின் பாண் போறணையில் வேலை செய்துகொண்டிருந்தார் என்பது தெரிந்ததும் எதிர்ப்பு அடங்கிவிட்டது.

கிரெத்தையால் இன்னொரு வழக்கமும் வந்தது. தொடக்கத்தில், ஆட்டத்துக்கு முன் அணித்தலைவரே தன் ஆட்களின் பெயரைக் கூப்பிட, அவர்கள் இங்கே நிற்கிறோம் என்று காட்ட "இஞ்சை" என்று சொல்லவேண்டும். கிரெத்தைத் தலைவர் ஒருநாள் வராத ஆளின் பெயரையும் கூப்பிட்டு, குரலை மாற்றித் தானே "இஞ்சை" என்றார். குரல் மாறியதே தவிர வாய் அதே வாய்தான். பார்த்துவிட்டோம். அன்றிலிருந்து ஒரு அணியையும் அதன் ஆட்களையும் எதிரணிதான் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று ஜெயந்தி அக்கா முடிவுசெய்தார். வேற்று அணிக்காரன் கூப்பிட்டு, நாம் பதில் சொன்னால்தான் நாம் வந்ததாகக் கணக்கு.

ஸ்தேனில் ஒரு பூங்கா. அங்கே அடுத்தடுத்து நின்ற இரண்டு பிளாத்தான் மரங்களில் வலையைக் கட்டுவோம். ஒரு ஞாயிறு ரயில் ஓடவில்லை. லா சப்பலில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்ததால் செர்ஜி அணியில் நான் மட்டும் போய்ச் சேர்ந்தேன். எதிரணி நாந்தேர். ஆள் இல்லை, எங்களுக்குத்தான் வெற்றி என்றார்கள். அதுவும் நியாயம்தான். வராத அணியை ஒன்றியத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்று கிரெத்தையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த ஞாயிறும் இல்லாமல் போனால் வாரம் முழுக்க எனக்குக் கிழவரின் இருமல் மட்டும்தான்.

ஜெயந்தி அக்கா என்னைப் பார்த்தார். பிறகு நாந்தேர்க்காரரைப் பார்த்தார்.

"ஆள் நிக்குதுதானே. கூப்பிடுங்கோ."

நாந்தேர்த் தலைவர் குகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செர்ஜி" என்று கூப்பிட்டான்.

"இஞ்சை" என்றேன்.

"செர்ஜி வந்திட்டுது" என்றார் அக்கா. அதோடு அது சட்டமாகிவிட்டது. ஒருவர் வந்தாலும் அணி வந்ததுதான். குகன் வலைக்கு அடியால் குனிந்து என் பக்கம் வந்து நின்றான். "இண்டைக்கு நான் செர்ஜி. நீ உன்ரை மூலையிலை நில்" என்றான். சுற்றி நின்றவர்களில் வேறு நாலு பேரையும் கூட்டிவந்தான். நாங்கள் மோசமாகத் தோற்றோம். அப்படியொரு சந்தோசமான நாள் இந்த நாட்டில் எனக்குத் திரும்ப வரவில்லை.

பிறகு ஒவ்வொருவராகப் படிப்பை முடித்தார்கள், அல்லது விட்டார்கள். புதிதாகச் சேர வந்தவர்களுக்கு ஓவர் கேம் தெரியாது. ஜெயந்தி அக்கா கனடா போனார், விசிலும் கூடவே போனது. கிரெத்தைக்காரர் சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாலாவது ஒரு கதை மிஞ்சியிருக்கும். அதுவும் இல்லை, வராமல் விட்டார்கள். கடைசியில் வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் கூடுவது என்று ஆனது. அதற்கும் கடைசியில் வந்தவர்கள் நானும் குகனும்.

இரண்டு பேருக்காகவும் வலை கட்டினோம். அவன் என்னைக் கூப்பிட்டான், நான் அவனைக் கூப்பிட்டேன். வயிறு வைத்துவிட்டது இருவருக்கும். பந்து பெரும்பாலும் பூங்காவுக்கு வெளியேதான் போய் விழுந்தது. லா சப்பலில் வாங்கிப்போன ரோல்ஸைத் தின்றுவிட்டு, முழங்காலுக்கு நோ எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தபோது சொன்னான்.

"நாங்கள் லண்டனுக்குப் போறம் மச்சான். பிள்ளையளின்ரை படிப்புக்கு."

"அப்ப நாந்தேர் விலகுதோ?"

"விலகேல்லை. வரேல்லை, அவ்வளவுதான்."

நல்ல பதில் என்று சிரித்தேன். ரயிலில் தனியே வரும்போதுதான் அழுகை வந்தது. எதிரே இருந்த பெண் கண் துடைக்க எனக்கு ஒரு கடுதாசி லேஞ்சி தந்தாள்.

நோ எண்ணெய்க்காரப் பெடியனைக் கண்ட மறுநாளின் மறுநாள் ஞாயிறு, அதுவும் வைகாசி ஞாயிறு. என்னிடம் கிடந்த பழைய வலையை எடுத்துக்கொண்டு ஸ்தேனுக்குப் போனேன். பிளாத்தான்களில் ஒன்று இல்லை. அது நின்ற இடத்தில் புல் முளைத்து, மரம் நின்றதே தெரியாமல் இருந்தது. வலையின் ஒரு முனையை மிச்ச மரத்தில் கட்டிவிட்டு, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நாய் கூட்டிவந்த ஒருவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஜெயந்தி அக்காவின் சட்டப்படி ஒன்றியம் இன்னும் இருக்கிறது. எந்த அணியும் விலகவில்லை, யாரையும் யாரும் நீக்கவில்லை. ஒருவர் வந்தாலும் அணி வந்ததுதான். நான் வந்திருந்தேன், என் மூலை எதுவென்றும் தெரிந்திருந்தது. "நாந்தேர்" என்று கூப்பிட்டேன். "கிரெத்தை" என்றேன். "சென்-தெனி" என்றேன். செர்ஜியை மட்டும் நான் கூப்பிடக்கூடாது. அதை வேறு அணிக்காரன் யாராவதுதான் கூப்பிடவேண்டும்.

வெயில் ஏறும்வரை நின்று பார்த்தேன்.